கட்டத்துக்குள் ஒரு கையெழுத்து

அத்தியாயம் 14

போன வார அத்தியாயத்தைப் படித்துவிட்டு ஒரு வாசகி கோபமாக எழுதியிருந்தார். "பத்தொன்பது வருஷம் உழைத்த அக்காவை இப்படி ஒரு காகிதத்தில் மாட்டிவிட்டீர்களே, உங்களுக்கு மனசாட்சி இருக்கிறதா?" எனக்கு இருக்கிறது அம்மா. அந்தச் சலவை ஆலைக்கு இருக்கிறதா என்பதைத்தான் நானும் பதினான்கு வாரமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. ஆஸ்பத்திரிகளுக்கும் ஓட்டல்களுக்கும் படுக்கை விரிப்புகளை வெளுத்து, தேய்த்து, மடித்து அனுப்பும் ஆலை அது. தேய்க்கும் பிரிவில் அக்காதான் எல்லாருக்கும் மூத்தவள். அங்கே அத்தனை பேருக்கும் அவள் அக்கா. அவளைவிட ஆறு வயது பெரியவரான மேனேஜருக்கும் அக்கா.

அந்தப் பிரிவுக்கு சூப்பர்வைசர், அவளுடைய கூடப்பிறந்த தம்பி. அங்கே வேலை செய்யும் பெண்கள் அவனை 'சூப்பர்' என்று சுருக்கிக் கூப்பிடுவார்கள். அதில் பாராட்டு எதுவும் இல்லை.

போன வியாழக்கிழமை காலை ஆறே முக்கால் மணிக்கு, விரிப்பின் சுருக்கத்தை நீவப் போன நெட்டையின் (உயரத்தால் அந்தப் பெண்ணுக்கு வந்த பெயர்) வலது கை, சுடச்சுட ஓடும் ரோலருக்குள் போய்விட்டது. மூன்று விரல்கள். சுவரில் இருந்த மெயின் சுவிட்சை இழுத்து அதை நிறுத்தியது அக்கா. அன்று சூப்பர் இடத்தில் இல்லை. எட்டரைக்குத்தான் வந்தான்.

நேற்று மேனேஜர் ஒரு காகிதத்தை உறையில் போட்டு அக்காவிடம் கொடுத்தார். இன்று மாலை நாலு மணிக்கு விசாரணை. அதற்குள் கையெழுத்துப் போட்டு எடுத்துவர வேண்டும். போன வாரம் இங்கேதான் நிறுத்தினேன்.

காலை ஏழு மணி. அக்காவின் மகள் வேலைக்குக் கிளம்பி, தோளில் பையோடு நின்றபடியே டீ குடித்துக்கொண்டிருந்தாள். சர்க்கரை எடுக்க டப்பாவை நகர்த்தினாள். அதற்கடியில் அந்த உறை இருந்தது.

"அம்மா, என்ன இது?"

"ஒண்ணுமில்ல. ஆலையில குடுத்தாங்க."

"படிச்சியா?"

"எனக்கெங்க இங்கிலீஷ் வருது? உன் மாமா படிச்சுச் சொன்னான். அன்னிக்கு நான்தான் வேலையைப் பார்த்துக்கிட்டேன்னு எழுதியிருக்காம். பார்த்துக்கிட்டேன்தானே? அதுல என்ன பொய் இருக்கு?"

மகள் பையை இறக்கி வைத்தாள். அவள் வேலை ஒரு காப்பீட்டு அலுவலகத்தில். நாள் முழுக்க அடுத்தவர்களுடைய விபத்து மனுக்களை வாசிப்பதுதான் உத்தியோகம். எந்த வரியில் பழி ஒளிந்துகொண்டிருக்கிறது என்று மோப்பம் பிடிப்பதில் கெட்டிக்காரி. இந்தக் காகிதத்தில் மோப்பம் பிடிக்கவே தேவையில்லை. மொத்தமே மூன்று வரிதான்.

"சொல்றேன் கேளு. 'தேய்க்கும் பிரிவின் வேலையை அன்று காலை நான் சூப்பர்வைஸ் செய்தேன். ரோலரின் தடுப்புக் கம்பி அசையாதபடி கட்டப்பட்டிருந்தது எனக்குத் தெரியும். விபத்துக்கான பொறுப்பை நான் ஏற்கிறேன்.' கடைசி வரியை மாமா படிச்சாரா?"

அக்கா பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அது ஏற்கெனவே காய்ந்துதான் இருந்தது.

"பொறுப்புன்னு ஏதோ சொன்னான். நீ பொறுப்பானவதானேக்கான்னு சிரிச்சான்."

"சிரிச்சாரா!"

மகளுக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. டீயை அப்படியே மேசையில் வைத்தாள்.

"அம்மா, இந்த சூப்பர்வைஸ்ங்கற வார்த்தையை நான் ஒரு நாளைக்கு இருபது தடவை படிக்கிறேன். நீ சொல்ற 'பார்த்துக்கறது' வேற, இது வேற. பால் பொங்காம பார்த்துக்கறோம். பக்கத்து வீட்டுக் குழந்தையை அரை மணி பார்த்துக்கறோம். அதுக்கு யாரும் நமக்கு அதிகாரம் குடுக்கறதில்ல. ஒருத்தரை சூப்பர்வைஸ் பண்றதுன்னா, 'இப்படிச் செய், அப்படிச் செய்யாதே, நிறுத்து'ன்னு சொல்ற அதிகாரம் உன் கையில இருக்கணும். நீ சொன்னா அவங்க கேட்டே ஆகணும். அப்புறம் ஏதாவது ஆச்சுன்னா நீ பதில் சொல்லணும். ரெண்டும் சேர்ந்ததுதான் அந்த வார்த்தை. இவங்க அதிகாரத்தைத் தங்ககிட்டயே வச்சுக்கிட்டு, பதில் சொல்றதை மட்டும் உன் தலையில கட்டறாங்க."

"மெதுவா பேசு."

"எதுக்கு மெதுவா? அந்த ரோலர் நின்னா மறுபடி ஓட வைக்கிற சாவி யார்கிட்ட இருக்கு?"

"உன் மாமாகிட்ட."

"அன்னிக்கு சாவி எங்க இருந்துச்சு?"

"அவன் பாக்கெட்ல."

"அவர் எங்க இருந்தாரு?"

அக்கா அடுத்த பாத்திரத்தை எடுத்தாள். நாம் சொல்லிவிடலாம். தம்பி, வீட்டில் பிள்ளைகளோடு இருந்தான். அவன் மனைவிக்கு ரொட்டித் தொழிற்சாலையில் விடிகாலை வேலை. பிள்ளைகளைக் கிளப்பிக் கொண்டுபோய் விட வேறு ஆள் இல்லை. எட்டு மாதத்துக்கு முன்னால் தம்பி வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, "நீ பிள்ளைகளைப் பாரு, இங்க நான் பார்த்துக்கறேன்" என்று சொன்னது அக்காவேதான். பாசம். 'பார்த்துக்கறேன்' என்ற அந்த ஒரு வார்த்தையில்தான் வந்து மாட்டிக்கொண்டாள்.

அந்த ஆலையில் ஒவ்வொரு நாளும் ஒரு தாள் நிரப்ப வேண்டும். எத்தனை விரிப்பு வந்தது, எத்தனை போனது, எத்தனை கிழிந்தது. கடைசியில் ஒரு கட்டம். 'சூப்பர்வைஸ் செய்தவர்.' அந்தக் கட்டம் காலியாக இருந்தால் வாசல் குமாஸ்தா வண்டியை வெளியே விடமாட்டார். ஏழு மணி வண்டி போகாவிட்டால் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும். எனவே யாராவது கையெழுத்துப் போட்டாக வேண்டும். எட்டு மாதம், தவறாமல், அக்கா போட்டாள். தம்பி பெயரைப் போடவில்லை. பொய்க் கையெழுத்துப் போட அவளுக்குக் கை வராது. தன் பெயரையே, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி முழுசாக, ஒவ்வொரு எழுத்தாகப் போட்டாள்.

மேனேஜருக்கு இது தெரியாதா? தினமும் அந்தத் தாள்களை வாங்கிக் கோப்பில் போடுகிறவர் அவர்தான். எட்டு மாதம் வாயே திறக்கவில்லை. நெட்டையின் கை போன மறுநாள்தான் அவருக்கு வாசிக்கத் தெரிந்தது.

மகள் உள்ளே போய் அலமாரியைக் குடைந்தாள். தன் பள்ளிச் சான்றிதழ்கள் இருக்கும் கோப்பிலிருந்து ஒரு பழைய கடிதத்தை எடுத்து வந்தாள்.

"மூணு வருஷத்துக்கு முன்னாடி சூப்பர்வைசர் வேலை காலியாச்சே, நீ எழுதிப் போட்டியே, ஞாபகமிருக்கா? அதுக்கு அவங்க குடுத்த பதில். கேளு. 'மேற்படி ஊழியர் இதுவரை எந்தக் காலத்திலும் எவரையும் சூப்பர்வைஸ் செய்ததில்லை. ஆகவே இப்பதவிக்குப் பரிசீலிக்க இயலாது.' கீழ யார் கையெழுத்து?"

"மேனேஜர்."

"இதுல?"

அக்கா புதிய காகிதத்தில் சாட்சிக்கான இடத்தைப் பார்த்தாள். அதே வளைவு, அதே கோடு. இங்கிலீஷ் வராவிட்டாலும் அது தெரிந்தது.

"பதவி கேட்டப்ப நீ அந்த வேலையைச் செஞ்சதே இல்ல. பழி போடணும்னா நீதான் செஞ்ச. என்னம்மா இது, அவங்க வீட்டு வார்த்தையா?"

"அவனுக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு."

"நீ இதுல கையெழுத்துப் போட்டா, வேலைக்காரங்களே கம்பியைக் கட்டிக்கிட்டாங்க, அவங்களே அவங்களைப் பார்த்துக்கிட்டாங்கன்னு ஆயிடும். நெட்டை அத்தை கைக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. உன்னை வேலையை விட்டுத் தூக்கறதுக்கும் இந்த மூணு வரி போதும். அதையும் யோசி."

அவள் பேருந்துக்கு ஓடினாள். போகும்போது இரண்டு கடிதங்களையும் ஒரே உறையில் போட்டு அம்மாவின் பைக்குள் திணித்துவிட்டுப் போனாள்.

ஒன்பது மணிக்கு அக்கா ஆலைக்குள் நுழைந்தாள். விசாரணை முடியும்வரை அவளுக்கு ரோலர் பக்கம் வேலை இல்லை. மூலையில் உட்கார்ந்து கிழிந்த விரிப்புகளைப் பிரிக்கச் சொல்லியிருந்தார்கள். பத்தொன்பது வருஷத்தில் அவள் உட்கார்ந்து வேலை செய்தது அந்த மூன்று நாள்தான். உட்காருவது தண்டனையாக இருக்கும் இடமும் உலகத்தில் இருக்கிறது.

ரோலர் ஓடிக்கொண்டிருந்தது. நெட்டையின் கை போன அன்று மாலையே கழுவித் துடைத்து ஓட்டிவிட்டார்கள். அவள் நின்ற இடத்தில் வேறு ஒருத்தி நின்றாள். சுவரில் புதிதாக ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. 'பாதுகாப்பு நம் ஒவ்வொருவரின் பொறுப்பு.' பசை இன்னும் காயவில்லை. எனக்கு அந்த 'ஒவ்வொருவரின்' என்பதைப் பார்த்தால்தான் பற்றிக்கொண்டு வருகிறது. எல்லாருடைய பொறுப்பு என்று சுவரில் எழுதுவார்கள். காகிதத்தில் ஒரே ஒருத்தியுடைய பெயரை எழுதுவார்கள்.

ரோலருக்கு முன்னால் குறுக்கே ஒரு தடுப்புக் கம்பி இருக்கும். கையோ துணியோ அதில் அழுத்தமாகப் பட்டால் ரோலர் உடனே நின்றுவிடும். கையைக் காப்பாற்றத்தான் அந்தக் கம்பி. ஆனால் கனமான விரிப்பு மடங்கி வந்தாலும் அது நின்றுவிடும். நின்றால் மறுபடி ஓட சாவி வேண்டும். காலையில் சாவிக்காரன் பிள்ளைகளோடு. ஆகவே கிழிந்த விரிப்பிலிருந்து ஒரு நாடா கிழித்து, கம்பி அசையாதபடி இறுக்கிக் கட்டி வைத்திருந்தார்கள். எட்டு மாதமும் அப்படித்தான் ஓடியது.

இப்போது நாடா இல்லை. கம்பி பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ரோலரை நிறுத்தியது. சூப்பர் சாவியோடு அங்கேயே நின்றான். ஒன்பது மணியிலிருந்து நகரவே இல்லை.

பதினொரு மணிக்கு அக்கா இருந்த மூலைக்கு வந்தான். வந்ததும் குனிந்து ஒரு விரிப்பை எடுத்துப் பிரிப்பதுபோல் பாவனை செய்தான்.

"அக்கா, போட்டுட்டியா?"

"நாடாவை யாருடா எடுத்தா?"

"அக்கா..."

"நெட்டையை ஆஸ்பத்திரியில சேர்த்துட்டு நான் திரும்பி உள்ள வர்றேன், நீ அந்த நாடாவை உருவி சட்டைக்குள்ள போடற. என் கண்ணு இன்னும் அவியல தம்பி."

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். மேலே, கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால், மேனேஜரின் அறை.

"மெதுவாப் பேசுக்கா. நான் சொல்றதைக் கேளு. நீ சைன் பண்ணா ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோட போயிடும். நான்னு ஆச்சுன்னா வேலை போயிடும். அவரே சொன்னாரு."

"கட்டச் சொன்னது நீதானே?"

"நான்தான் சொன்னேன். ஆனா..."

மறுபடி ஜன்னலைப் பார்த்தான். சொல்ல வந்ததை மென்று விழுங்கினான்.

"ஆனா என்னடா?"

"ஒண்ணுமில்ல. நீதானே கட்டத்துல கையெழுத்துப் போட்ட? நானா போடச் சொன்னேன்?"

அக்கா அவனை நிமிர்ந்து பார்த்தாள். இவனைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தவள். அந்தப் பதவி தனக்கு இல்லை என்று கடிதம் வந்தபோது, "பரவாயில்ல, வீட்டுக்குள்ளதானே வந்திருக்கு" என்று சொன்னவள். எந்த விரிப்புக்கு எவ்வளவு சூடு, எது சுருங்கும், எது கருகும் என்று அவனுக்குப் பக்கத்தில் நின்று மூன்று மாதம் சொல்லிக் கொடுத்தவள்.

"இல்ல, நீ போடச் சொல்லல. நானேதான் போட்டேன்" என்றாள். "நெட்டைக்கு என்ன பண்ணப் போறீங்க?"

"அதெல்லாம் இன்சூரன்ஸ்ல பார்த்துக்குவாங்க."

"பார்த்துக்குவாங்க. எல்லாரும் எல்லாத்தையும் பார்த்துக்கறீங்கடா."

மத்தியான இடைவேளைக்கு நாற்பது நிமிஷம். ஆஸ்பத்திரி நடந்தால் பத்து நிமிஷத் தூரம். அக்கா சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்காமலே அங்கே போனாள்.

நெட்டை கட்டிலுக்கு வெளியே கால் நீட்டிப் படுத்திருந்தாள். எந்தக் கட்டிலும் அவள் உயரத்துக்குப் போதாது. வலது கை, முழங்கை வரை வெள்ளைக் கட்டு. அவள் படுத்திருந்த விரிப்பு அவர்கள் ஆலையில் தேய்த்தது. ஓரத்தில் நீல நூல் அடையாளம் இருந்தது. அக்காவால் அதைப் பார்க்க முடியவில்லை.

"வாங்கக்கா. விரிப்புல சுருக்கம் இருக்கு பாருங்க. நான் இல்லாட்டி இப்படித்தான்."

இவளுக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது. அக்காவுக்கு அழுகை வந்தது.

"யாராவது வந்தாங்களா?"

"நம்ம ஆலை ஆபீஸ்லேர்ந்து ஒரு ஆள் வந்தாரு. ஒரு பாரத்தை நிரப்பினாரு. அன்னிக்கு உங்களை யாரு சூப்பர்வைஸ் பண்ணாங்கன்னு கேட்டாரு. யாருமே இல்லைன்னேன். யாரும் இல்லைன்னு எழுத முடியாது, ஒரு பேரு வேணும்னாரு."

"யார் பேரைச் சொன்ன?"

"நான் சொல்லலக்கா. அவரே உங்க பேரை எழுதிட்டு, இடது கையில ரேகை வாங்கிட்டுப் போனாரு." நெட்டை கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் நகர்த்தி வைத்தாள். "நீங்க எங்களை ஏவினதா எனக்கு ஞாபகமே இல்ல. நீங்களும் எங்ககூடத்தானே மறுமுனையைப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்க? அதுக்கு அந்தப் பாரத்துல கட்டம் இல்லையாக்கா?"

அக்காவுக்கு அதுவரை வருத்தமாக இருந்தது அந்த நிமிஷத்தில் கோபமாக மாறியது. நல்ல கோபம். எட்டு மாதத்துக்கு முன்பே வந்திருக்க வேண்டியது.

நாலு மணி. மேனேஜரின் அறையில் நாலு நாற்காலிகள். மேசைக்கு அந்தப் பக்கம் மேனேஜர். பக்கவாட்டில், தொழில் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி அம்மாள். மூக்குக் கண்ணாடி, களைத்த முகம், மடியில் ஒரு தடித்த கோப்பு. இந்தப் பக்கம் அக்காவும் தம்பியும், பள்ளிக்கூடத்தில் தப்பு செய்துவிட்டு வந்து நிற்கிற பிள்ளைகள் மாதிரி பக்கத்துப் பக்கத்தில். மகள் அரை நாள் விடுப்புப் போட்டு ஓடி வந்திருந்தாள். காவலாளி அவளை வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"கொண்டு வந்திருக்கீங்களாக்கா?" மேனேஜர் தேன் ஒழுகக் கேட்டார்.

அக்கா உறையிலிருந்து இரண்டு காகிதங்களையும் எடுத்தாள். மேனேஜரிடம் கொடுக்கவில்லை. அதிகாரியிடம் கொடுத்தாள்.

அதிகாரி முதலில் பழையதைப் படித்தார். அப்புறம் புதியதை. அப்புறம் மறுபடி பழையதை.

"இதுல இவங்க எந்தக் காலத்துலயும் சூப்பர்வைஸ் பண்ணதில்லைன்னு இருக்கு. இதுல பண்ணாங்கன்னு இருக்கு. நடுவுல பதவி உயர்வு ஏதாவது குடுத்தீங்களா?"

"பதவின்னு இல்ல மேடம். நடைமுறையில..."

"நடைமுறையில என்ன?"

"நடைமுறையில அக்காதான் அங்க எல்லாம். நாள் தாளைப் பாருங்க, எட்டு மாசமும் இவங்க கையெழுத்துதான். எல்லாரும் இவங்க பேச்சைத்தான் கேப்பாங்க. இவங்க தம்பியையே கேளுங்களேன்."

நடைமுறை! எதைக் கேட்டாலும் இந்த ஒரு சொல்லை எடுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிடலாம். நடைமுறையில் அக்கா எல்லாம். சம்பளச் சீட்டில் மட்டும் தேய்ப்பவள்.

அதிகாரி தம்பி பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. அன்னிக்குக் காலையில யார் சூப்பர்வைஸ் பண்ணாங்க?"

தம்பி தரையைப் பார்த்தான்.

"அக்காதான் மேடம்."

அவ்வளவுதான் சொன்னான். கீழே ரோலர் ஓடும் சத்தம் மேலே வரை கேட்டது. அக்காவுக்கு அவனை அறைய வேண்டும் போல இருந்தது. அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

"சரி. நான்தான்" என்று எழுந்தாள். "மேடம், ஒரு நிமிஷம் கீழ வாங்க."

"அக்கா, எங்க போறீங்க? விசாரணை முடியல!"

அவள் கதவைத் திறந்து இரும்புப் படிகளில் இறங்கினாள். பின்னால் அதிகாரி. அதற்குப் பின்னால் மேனேஜரும் தம்பியும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு வந்தார்கள்.

ரோலரில் எட்டுப் பெண்கள் வேலையில் இருந்தார்கள். அக்கா நேராகப் போய், முழங்கையால் தடுப்புக் கம்பியை ஓங்கி இடித்தாள். ரோலர் நின்றது. உள்ளே போன விரிப்பு பாதியில் நின்று கருக ஆரம்பித்தது.

"எல்லாரும் கையை எடுங்க" என்றாள். "எடுத்துட்டு உக்காருங்க."

பெண்கள் திகைத்துப் பார்த்தார்கள். உட்கார அங்கே நாற்காலி ஏது? புதிதாக வந்தவள் முதலில் ஒரு துணி மூட்டைமேல் உட்கார்ந்தாள். அப்புறம் ஒவ்வொருத்தியாக எல்லாரும் உட்கார்ந்தார்கள்.

"யாரைக் கேட்டு நிறுத்தினீங்க?" மேனேஜர் கத்தினார். தேன் எல்லாம் வற்றிப்போயிருந்தது.

"யாரையும் கேக்க வேண்டாம் சார். நான்தானே சூப்பர்வைஸ் பண்றேன்?"

"அஞ்சு மணி வண்டி இருக்கு! டேய், சாவியைப் போடு!"

தம்பி சாவியை எடுத்தான்.

"போடாதே" என்றாள் அக்கா. "இவங்களை சூப்பர்வைஸ் பண்றவ சொல்றேன். போடாதே."

அவன் கை பாதியில் நின்றது.

"இவங்க பேச்சைக் கேக்காதே!" மேனேஜரின் குரல் கூரையில் போய் மோதியது. "நிறுத்தச் சொல்ல இவங்களுக்கு என்ன அதிகாரம் இருக்கு? இவங்க யாரு?"

அதிகாரி கோப்பைத் திறந்தார். பேனா மூடியைக் கழற்றி, நின்றபடியே எழுதினார். எழுதிக்கொண்டே நிதானமாகச் சொன்னார். "இந்த வரியைத்தான் சார் நான் நாலு மணியிலேர்ந்து உங்ககிட்ட கேட்டுக்கிட்டிருந்தேன்."

துணி மூட்டைகள் மேலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. மேனேஜரின் முகம் வெளுத்தது. அங்கே வெளுத்து வரும் எந்த விரிப்பும் அவ்வளவு வெளுத்ததில்லை.

அக்காவும் கொஞ்சம் சிரித்தாள். ஆனால் அதிகாரி சிரிக்கவில்லை. அவர் அக்கா பக்கம் திரும்பினார்.

"அம்மா, உங்களையும் ஒண்ணு கேக்கணும். இன்னிக்கு நிறுத்திட்டீங்க. கம்பியைக் கட்டி வச்சிருக்காங்கன்னு எட்டு மாசமா உங்களுக்குத் தெரியும். சுவிட்ச் உங்க கைக்கு எட்டுற தூரத்துல இருக்கு. அப்ப ஏன் நிறுத்தல?"

சிரிப்பு நின்றது. எட்டுப் பெண்களும் அக்காவைப் பார்த்தார்கள்.

அக்கா சுவரில் இருந்த சுவிட்சைப் பார்த்தாள்.

"நிறுத்தியிருக்கணும்" என்றாள். "நிறுத்தினா என் தம்பி இங்க இல்லைங்கறது வெளிய தெரிஞ்சுடும்னு விட்டுட்டேன். நெட்டை கையைவிட அவன் வேலை எனக்குப் பெருசா இருந்துச்சு. அது என் தப்பு மேடம். எழுதிக்குங்க, நான் கையெழுத்துப் போடறேன். ஆனா அதை மட்டும் எழுதிட்டு கோப்பை மூடிடாதீங்க."

அதிகாரி தலையசைத்தார். எழுதினார். அக்கா அதன் கீழே தன் பெயரை முழுசாக, ஒவ்வொரு எழுத்தாகப் போட்டாள். விரிப்பு கருகும் வாடை எங்கும் பரவியிருந்தது. யாரும் அதை எடுக்கப் போகவில்லை.

தம்பி அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் கண்கள் சிவந்திருந்தன.

"நீங்க ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொன்னா போதும்" என்றார் அதிகாரி அவனிடம். "அந்தக் கம்பியைக் கட்டச் சொன்னது யாரு? நீங்களா?"

அவன் அக்காவைப் பார்க்கவில்லை. மேனேஜரைப் பார்த்தான்.

"சார்," என்றான். "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"